ஜெயபுரத்தில் நேர முகாமைத்துவம்

‘சமூகத்தோடு கற்றல்’ என்ற பாடத்தை எங்கள் பல்கலைக்கழகத்தில் புகுத்திய பெருமை எனக்கே உரியது. இதுவரை யாரும் பங்கு கேட்டதில்லை.

அன்று பதினெட்டு மாணவர்களோடு ஜெயபுரம் மாதர் சங்கத்துக்குப் போனேன். தலைவி ரஜிதா வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

“சேர், பிடுங்கின கச்சான் கடலை எல்லாம் தோட்டத்திலை கிடக்கு. நனைஞ்சால் முளைச்சிடும். பிள்ளையள் ஒரு மணித்தியாலம் கைகுடுத்தால் கொட்டிலுக்குள்ளை கொண்டுபோய்ப் போட்டிடலாம்.”

“அது பாடத்திட்டத்திலை இல்லையே, தங்கச்சி” என்றேன். கூச்சப்படவும் இல்லை.

கச்சானை வெளியில் விட்டுவிட்டு வந்திருந்த பெண்களுக்கு நேர முகாமைத்துவம், அதாவது நேரத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது எப்படி என்று படிப்பிக்கத் தொடங்கினோம். அரைவாசியில் மழை கொட்டியது. பெண்கள் எழும்பித் தோட்டத்துக்கு ஓடினார்கள். மாணவர்களும் பின்னால் ஓடினார்கள். நான் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாதிக் கச்சான்தான் தப்பியது. பல்கலைக்கழகத்துக்குத் தேவையான மதிப்பீட்டுப் படிவத்தை ரஜிதாவிடம் நீட்டினேன். அவர் ஈரக் கையோடு எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து எழுதினார்.

எனக்கே தாங்கவில்லை. “உண்மையைப் போடுங்கோ, தங்கச்சி.”

“போன வருசம் வேறை பல்கலைக்கழகத்திலையிருந்து வந்த சேருக்கு உண்மையைத்தான் போட்டனாங்கள்” என்றார் ரஜிதா. “குறையைத் திருத்தவெண்டு அவர் திரும்பவும் வந்திட்டார்.”