ஏற்கெனவே பதிவான பில்டர்

சொட்டுநீர்க் குழாய்க்கு அரசாங்கம் தரும் மானியம் அப்பாவுக்கு இல்லை என்று வந்துவிட்டது. காரணம்: "இந்த பில்டர் ஏற்கெனவே பதிவாகியுள்ளது."

பில்டர் என்பது மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று தண்ணீரில் வரும் மண்ணைப் பிடிக்கும் நீல உருளை. அதன் வயிற்றில் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண் தெரிய, செடிகளும் தெரிய, விவசாயி பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

எங்கள் பில்டர் எங்களுடையதுதான். ஆனால் எங்களுக்கு முன்பே அது ஊர் சுற்றிவிட்டது. "குடுண்ணே, போட்டோ எடுத்தா தேஞ்சா போயிடும்?" என்று முதலில் தூக்கிப்போனவர் சித்தப்பா. அவரிடமிருந்து அவர் மைத்துனர், அடுத்து பால்காரர். ஒரு முழம் குழாய்கூடப் போடாத வயல்களில் எல்லாம் அது போஸ் கொடுத்தது. மூவருக்கும் பணம் வந்தது. அப்பா மட்டும் விதிப்படி குழாய் பதித்து, மிளகாய் நட்டு, வேர் பிடித்தபிறகு படம் எடுத்தார். அதுவரை எண்ணைப் பார்க்காத கணினிக்கு அப்போதுதான் கண் திறந்தது.

மானியத்தை நம்பித்தான் கடைக்காரர் குழாயைக் கடனாகத் தந்திருந்தார். மாதக் கடைசிக்குள் ஒப்புதல் வராவிட்டால் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். செடி பூ விட்டிருந்தது.

அலுவலகத்துக்குப் போனோம்.

"யார் யாரெல்லாம் இரவல் வாங்கினாங்கன்னு எழுதித் தர்றோம் சார்," என்றேன்.

அலுவலர் தண்ணீர் பாட்டிலை நிதானமாக மூடினார். "எழுதும்மா. அந்த வயலையெல்லாம் நேர்ல பாத்தேன்னு கையெழுத்துப் போட்டது யாருன்னும் எழுது. நான்தான்."

"அப்போ நீங்க பாக்கலையா?"

"படத்தப் பாத்தேனே."

அப்பா என் முழங்கையைக் கிள்ளினார். "படிப்பு கொஞ்சம் கூடிப்போச்சு சார், தப்பா எடுத்துக்காதீங்க."

"வேற பில்டர் பக்கத்துல நின்னு ஒரு படம் அனுப்புங்க. முடிஞ்சுது."

"எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான் சார்."

"அதான் உங்க பிரச்சினையே," என்றார் அலுவலர், அனுதாபமாகவே.

வெளியே வந்ததும் நான் ஆரம்பித்தேன். அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "கூடப் பொறந்தவன் பேர எழுதிக் குடுத்துட்டு அவன் மூஞ்சில எப்படிடீ முழிக்கிறது?"

"அவரு உங்க மூஞ்சில நல்லாத்தானே முழிக்கிறாரு?"

"செடி காயப்போகுது. உன் நியாயத்த ஊத்தினா காய் பிடிக்குமா?"

பிடிக்காது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கடைக்காரர் எங்களைக் கண்டதுமே விஷயம் புரிந்துகொண்டார். "படத்துக்கா? நாள் வாடகைக்கு ஒண்ணு இருக்கு. இன்னும் எந்த வயலுக்கும் போகல, உங்க அப்பாவுக்குத்தான் முதல் போணி."

எங்கள் பில்டரைக் கழற்றிச் சாக்கு போட்டு மூடினோம். வாடகை பில்டரை மாட்டினோம். அப்பா அதன் தோளில் கை வைத்து நின்றார்.

"திருட்டு முழி முழிக்காதீங்கப்பா."

"வெயிலுடீ. சீக்கிரம் எடு."

அன்று மாலையே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்களுடையதை மாட்டினோம். மாதம் முடியுமுன் ஒப்புதல் வந்தது. கூடவே ஒரு வரி: ஐந்து ஆண்டுகளுக்குள் எப்போது சோதனைக்கு வந்தாலும் இதே எண்ணுள்ள பில்டர் வயலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அத விலைக்குக் குடுத்துடுங்கண்ணா. இல்லன்னா எங்களுத எடுத்துக்கிட்டு மாத்திக் குடுங்க."

"ஊரெல்லாம் மேஞ்சது எனக்கு எதுக்கும்மா?" சிரித்தார். "விக்கிறதுக்கும் இல்ல. அந்த நம்பர் இனி உங்களத் தவிர யாருக்கும் ஆகாது. சோதனை வரும்போதெல்லாம் வாடகைக்கு எடுத்துக்கோங்க. நானா எங்கயும் ஓடிடப்போறேன்?"

மோட்டாருக்குப் பக்கத்தில் நின்ற அப்பா, "சரின்னு சொல்லு," என்றார்.

நான் போனை அவர் பக்கம் நீட்டினேன். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். "சரிங்க, எடுத்துக்கிறோம்," என்று அவரே சொன்னார். பிறகு மோட்டாரைப் போட்டுவிட்டு, எந்தச் செடியடியில் சொட்டு விழவில்லை என்று பார்க்கக் குனிந்தபடி வரிசைக்குள் நடந்தார்.