கட்டில் கடைக்குள் ஒரு நீர்நாய்

1

புதன்கிழமை காலை பதினொரு மணி. கணினியில் உயிரினங்களின் வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தேன். யார் எந்தப் பிராணியைப் பார்த்தாலும் படமெடுத்து அதில் ஏற்றலாம். பார்த்த இடத்தில் ஒரு புள்ளி விழும். ஒரு நீர்நாயின் புள்ளி கட்டில் கடை ஒன்றின் மேல் விழுந்திருந்தது. சிரித்தேன். பிறகு விசாரித்தேன். அரிய பிராணிகள் இருக்கும் இடம் வேட்டைக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று, வரைபடமே புள்ளியை உண்மையான இடத்தைவிட்டு வேறெங்கோ தள்ளிப் போட்டுவிடுமாம். அதன் பிறகு சிரிப்பு வரவில்லை. கதை அங்கேதான் பிடித்தது.

2

முதல் தொடக்கம்: அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, தன் வாழ்க்கையின்

(வேண்டாம். கதைகளில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.)

இரண்டாவது: அந்த வரைபடத்துக்கு வந்து சேரும் படங்களைப் பார்த்து, இது இன்ன பிராணி என்று உறுதி செய்வது அவள் வேலை. அன்று வந்த நீர்நாய்ப் படத்தின்* மூலையில் ஒரு கட்டைவிரலும் விழுந்திருந்தது. நகம் இரண்டாகப் பிளந்த விரல். அவளுடைய அண்ணன் எடுக்கும் எந்தப் படத்திலும் அந்த விரல் விழும். வீட்டைவிட்டுப் போனவன். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆற்றோரம்’ என்று மட்டும் இருந்தது.

(ஏன் போனான் என்று ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். காரணம் தெரிவதால் அவளுக்கு அவன் கிடைத்துவிடப் போவதில்லை.)

* நீர்நாய் மீன் தின்றுகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்க நேரமாயிற்று.

3

“அந்தப் புள்ளியை நம்பிப் போகாதீங்க, அங்க ஒண்ணும் இருக்காது” என்று தினமும் யாருக்காவது தொலைபேசியில் சொல்கிறவள், விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி அந்தப் புள்ளிக்கே போனாள்.

(இங்கே அவளைச் சந்தேகித்தேன். தெரிந்தே ஒருத்தி போவாளா? ஒரு வரைவில் தடுத்தும் பார்த்தேன். போய்விட்டாள்.)

கட்டில் கடைக்காரர் எழுந்து வந்தார்.

“ஒத்தைக் கட்டிலாம்மா, ரெட்டையா?”

“இல்ல... பக்கத்துல ஆறு ஏதாவது இருக்கா?”

“ஆறா? தண்ணி லாரியே இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்குது.”

அவள் ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மின்விசிறியைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

4

ஒளித்து வைத்த இடத்தைத் திறந்து பார்க்கும் உரிமை அலுவலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. தவளைகளை ஆராய்கிறவர், எல்லோருக்கும் தவளை சார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“கட்டில் கடைக்கா போன? நான் ஒரு தவளையைத் தேடிப் பெட்ரோல் பங்குக்கே போயிருக்கேன். விடு.”

“நீங்க திறந்தா ஒரு நிமிஷம் சார்.”

“நீர்நாய்க்கு ஒண்ணுன்னா திறப்பேன்.”

“எனக்குன்னா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இடத்தை வெளிய சொல்ல மாட்டோம்னு சொல்லித்தானேம்மா படம் வாங்கறோம். உங்கண்ணனும் அதை நம்பித்தான் ஏத்தியிருக்கார். படத்துக்குக் கீழ கேள்வி கேக்க இடம் இருக்கு. அவரையே கேளு.”

“பதில் வரலன்னா?”

“வரலன்னா வரல.”

5

முடிவு ஒன்று: தவளை சார் மனமிரங்கித் திறக்கிறார். ஆற்றங்கரையில் அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். (எழுதியதை நானே ரசித்து இரண்டு முறை படித்தேன். அதனாலேயே இதை நம்பவில்லை.)

முடிவு இரண்டு: விரல் வேறு யாருடையதோ. (கெட்டிக்காரத்தனம். அவளுக்கு இதை நான் செய்ய மாட்டேன்.)

மூன்றாவதை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணை மாற்றிக்கொண்டு போன ஒருவர் உங்களுக்கும் இருக்கலாம். அப்படிப் போனவர் நீங்களாகவே இருந்தால், இதற்கு மேல் எழுதும் தகுதி எனக்கில்லை, உங்களுக்குத்தான்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவே: படத்தை ‘நீர்நாய்’ என்று உறுதி செய்தாள். கீழே, எந்த இடம் என்று கேட்டு எழுதினாள், அழித்தாள். ஏன் போனாய் என்று எழுதினாள்; அதையும் அழித்தாள். பிறகு எழுதியதை அழிக்கவில்லை.

“அண்ணா, நான்தான். நான் வரட்டுமா?”