யார் காலுக்கு ஸீட்டு?

சைக்கிள் ஸீட்டைக் கொளுத்தியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டுக்காரர் அதிலிருக்கும் வட்டத் தோல் ஒட்டைச் சீமைக்காரன் போட்ட முத்திரை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நானும் மறுக்கவில்லை.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் ஏறக்கூடாது. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். கற்பூரத் தட்டு மட்டும் அகப்படவில்லை. வெற்றிலைமேல் ஏற்றினால் அடியில் சுடாது என்பது என் விஞ்ஞானம். ஸீட்டின்மேல் வெற்றிலை, வெற்றிலைமேல் கற்பூரம். கண்ணை மூடிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு திறப்பதற்குள் வெற்றிலை சுருண்டு, கற்பூரம் சறுக்கி, தோல் ஸீட்டின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக, முதல் சவாரி கற்பூரத்துக்கு.

ரத்னா ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை.

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருப்பது அன்றைக்குப் பத்தாவது நாள். காரணமும் நான்தான். டிரெயினிங் முடித்த கையோடு மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மனு எழுதிப் போட்டிருந்தாள். மூன்று மாதம் கழித்து, வாத்தியார் வேலை தருகிறோம், சம்மதமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். கடிதத்தை வாங்கிப் படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. மனசு நிறைந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "டீச்சரம்மா புறப்பட்டுட்டா எனக்கு யாரு ரசம் வைக்கிறது?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். அப்புறம் நான் எப்போது பேச்சை அந்தப் பக்கம் திருப்பினாலும் "பார்க்கலாம்" என்ற ஒரே வார்த்தைதான். நானும் நேராகக் கேட்கவில்லை. "மயிலாப்பூர்ல மழையாமே?" என்று கேட்பேன். "பார்க்கலாம்" என்பாள்.

இதில் வேடிக்கை, அந்தச் சைக்கிளே அவளுக்காகத்தான். அவள் மனுப் போட்ட வாரமே சீமைக் காட்டலாக்கைப் பார்த்து எழுதிப் போட்டுவிட்டேன். நாங்கள் குடியிருப்பது தியாகராய நகரில், மாடியில். அங்கிருந்து மயிலாப்பூர் மூன்று மைல். பஸ் ஓடுகிறது என்கிறார்கள், ஏறினவர்களைத்தான் காணோம். கீழே ரேழியில் சைக்கிள் நிறுத்த வீட்டுக்காரர் விடமாட்டார். மாடிப்படியோ ஒருவர் ஏறினால் இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அகலம். அதனால்தான் மடக்கு சைக்கிள். நடுவில் கீல் வைத்து, புஸ்தகம் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகலாம். குறுக்குக் கம்பி தாழ்வாக இருந்ததால் புடவையோடும் ஏறலாம்.

அது சனிக்கிழமை வந்து சேர்ந்தது. ரசத்தைப் பற்றிப் பேசின வாயால் "உனக்குத்தான்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "எனக்குத்தான், ஆபீசுக்கு" என்றேன்.

"நீங்க ரயில்ல இல்ல போறீங்க?"

"ரயில் நின்னுபோச்சுன்னா?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வண்டியைப் பூட்டினேன். எண்ணெய்க் காகிதத்தைச் சுரண்டித் துடைத்தது சரியாக இருந்தது. காற்றடித்தது சரி. கீலுக்கு நல்லெண்ணெய் விட்டது அவ்வளவு சரியில்லை என்று பிறகு தெரிந்தது. இடது பெடலை அரைமணி நேரம் முறுக்கினேன். முறுக்க முறுக்கக் கழன்று வந்தது. அப்புறம்தான் மேற்சொன்ன பூஜை.

கருகின ஸீட்டோடு வண்டியை மடக்கித் தூக்கிக்கொண்டு மாம்பலம் ரயிலடிக்குப் பக்கத்தில் இனாயத் கடைக்குப் போனேன். மிச்சமான திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ரத்னாவும் பின்னால் வந்தாள். பூட்டி முடித்த வண்டியில் ஏழு திருகாணி மிச்சமிருப்பதை அவள்தான் எண்ணினாள்.

இனாயத்துக்கு ஐம்பது வயசிருக்கும். அவர் கை படாத சைக்கிள் அந்த வட்டாரத்தில் கிடையாது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்னா சார் இது? சைக்கிளா, ஈஸி சேரா?"

"சைக்கிள்தான் பாய். மடக்கலாம்."

"அத்த நீ வர்ற வழியிலயே மடக்கிட்ட மாதிரி கீதே." ஸீட்டில் விரலை வைத்தார். "இங்க இன்னா, சுருட்டு வச்சியா?"

"கற்பூரம்."

"அரே! சாமிக்குக் காட்டுறதுக்கு முன்னாடியே வண்டிய தகனம் பண்ணிட்டியா?"

ரத்னாவின் தோள் குலுங்கியது. பத்து நாளில் முதல் தடவை. அதற்காக இன்னொரு ஸீட்டைக்கூடக் கொளுத்தலாம் என்று தோன்றியது.

இனாயத் வேலையில் இறங்கினார். இடது பெடலை நான் முறுக்கினதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். அது சமர்த்தாக உள்ளே போனது. "இந்தப் பக்கத்துக்கு மரை தலைகீழு சார். அது உன்மேல கோவிச்சுக்கல." கீலிலிருந்த நல்லெண்ணெயை மண்ணெண்ணெயால் கழுவி, தோசை வார்க்கும் உத்தேசமுண்டா என்று விசாரித்தார். ஏழு திருகாணியில் ஆறுக்கு இடம் கண்டுபிடித்தார். கருகின இடத்தில் தோல் ஒட்டுப் போட்டுத் தைத்தார்.

"ஓடுமா பாய்?"

"ஓட்டிப் பாத்தாத் தெரியும்."

"கீல் தாங்குமா?"

"தாங்குனாத் தாங்கும்." ஸ்பானரைக் கையில் எடுத்தார். "அத்த வுடு. ஸீட்டு வைக்கணும். ஏறப்போறது யாரு?"

"நான்தான்."

"அப்ப ஏறு. குதிகாலு பெடல்ல படணும், முட்டி நேரா நிக்கணும். அதுதான் கணக்கு."

ஏறினேன். அவர் பின்னால் பிடித்துக்கொண்டார். முட்டி நேராக நிற்பதற்குப் பதில் என் தாடையைத் தேடிக்கொண்டு வந்தது. ஸீட்டுத் தண்டை அது போகும் மட்டும் உயர்த்தினார். அப்போதும் என் இரண்டு முட்டியும் ஹாண்டில்பாரில் இடித்துக்கொண்டிருந்தன. கடைக்கு எதிரே ஜட்காக் குதிரைகூடத் திரும்பிப் பார்த்தது.

"எறங்கு சார். இது உன் காலுக்குச் செஞ்ச வண்டி இல்ல."

"கம்பெனிக்காரன் தப்பா..."

"தப்பா இன்னா? தண்ட அளந்து அறுத்துக்கீறான். இதோ, ஸீட்டுக்கு அடியில சீட்டு கட்டிக்கீது. கொஞ்சம் எரிஞ்சுபோச்சு. இங்கிலீஸு. நீ படிம்மா."

நான் கை நீட்டுவதற்குள் அது ரத்னாவிடம் போய்விட்டது. ஓரம் கருகின அட்டை. அவள் படித்தாள். முதலில் மனசுக்குள், பிறகு, வகுப்பில் படிக்கிற மாதிரி, உரக்கத் தமிழில்.

"ஆர்டர் கொடுத்தவர் டி. பஞ்சாட்சரம். ஏறுகிறவர் உயரம், நாலடி பதினோரு அங்குலம். ஏறுகிறவர், பெண்."

பஞ்சாட்சரம் என்கிற நான் ஐந்தடி ஒன்பது. இனாயத் ஸ்பானரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சப்போ கதவு நிலைகிட்ட ஒரு பென்சில் கோடு இருந்துது," என்றாள் ரத்னா. "என் தலை உயரத்துக்கு. நான்தான் ஈரத்துணியால தொடைச்சேன்."

"நீ நிலைகிட்ட நின்னு கொடியில துணி எடுத்துக்கிட்டிருந்தே. அப்போ போட்டேன்."

"அப்போ ரசம்?"

"அது வாய்க்கொழுப்பு."

"கடிதம் வந்தன்னிக்கு வேற மாதிரி சொல்லியிருக்கக்கூடாதா?"

"வேற எனக்குச் சொல்லத் தெரியலை, ரத்னா."

இனாயத் இருமினார். "அம்மா, ஸீட்டு வைக்கணும். செருப்போடவே ஏறு. நான் தலைய அந்தாண்ட திருப்பிக்கிறேன், சார் புடிச்சுக்கட்டும்."

நான் பின்பக்கம் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு கையால் என் தோளைப் பற்றிக்கொண்டு, கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து ஏறினாள். குதிகால் பெடலில் பட்டது. முட்டி நேராக நின்றது. இனாயத் திரும்பிப் பார்த்து, ஸ்பானரை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, "ஹாங்" என்றார்.

என் கை ஸீட்டிலிருந்த ஒட்டின்மேல் இருந்தது. சொல்ல இரண்டு ஹாஸ்யம் வாயில் வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

"ரத்னா, அந்த வேலைக்கு நீ போகணும்னு எனக்கு ஆசை. போறியா?"

அவள் திரும்பவில்லை. ஹாண்டில்பாரை இறுக்கப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்:

"போறேன். சம்மதம்னு வெள்ளிக்கிழமையே எழுதித் தபால்ல போட்டாச்சு. நடந்தே போறதா இருந்தேன்."