முருங்கைத் துப்பாக்கியால் செத்தவர்

பெத்தபெருமாள் செத்துப்போனதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. படங்களில் அடியாளாக வருகிறவருக்குச் சாவு என்பது டீ குடிப்பது மாதிரி. எழுந்து சிரிக்க விடவில்லை என்பதுதான் அவருடைய ஆத்திரம்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்ததாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுத்து வைப்பார்கள். படத்தில் வராது. ஆனால் எடுக்காமல் விட்டால் செத்தது செத்ததாகவே நின்றுவிடும். பெரிய நடிகரோ சில்லறை அடியாளோ, சட்டம் ஒன்றுதான்.

'வெடிமருந்து வேங்கை' படத்தில் அன்று அவரை முறைப்படிதான் சுட்டார்கள். இடம், மூடிப்போன ஒரு ரைஸ் மில். ஹீரோ மரத் துப்பாக்கியை நீட்டி, வாயால் "டுமீல்" என்றார். நிஜச் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். பெத்தபெருமாள் நெஞ்சைப் பிடித்தார், ஒரு சுற்றுச் சுற்றினார், தவிட்டு மூட்டை மேல் விழுந்தார். கட் சொன்னார்கள். அவர் எழுந்து, மீசையில் ஒட்டிய தவிட்டைத் தட்டிவிட்டு, சிரிப்பதற்காக உதட்டைப் பிரித்தார்.

அந்த நேரம் பார்த்துத் துப்பாக்கியில் ஒரு இலை துளிர்த்தது.

முருங்கைக் கட்டையில் செய்த துப்பாக்கி அது. தேக்கு கேட்டதற்கு, தயாரிப்பாளர் தன் வீட்டுக் கொல்லையைக் கை காட்டியிருந்தார். முருங்கையை வெட்டிச் சாக்கடையோரம் வீசினாலும் துளிர்க்கும் என்பது ஊரில் கோழிக்குக்கூடத் தெரியும். ஆர்ட் டிபார்ட்மெண்டுக்குத் தெரியவில்லை.

யூனிட் மொத்தமும் துப்பாக்கியிடம் ஓடியது. ஒருவர் குடை பிடித்தார். ஒருவர் தண்ணீர் தெளித்தார். டைரக்டர் லோகபாலன் இலையை மோந்து பார்த்துவிட்டு பேக்கப் என்றார். கேமராவுக்கு உறை போட்டுவிட்டார்கள். பெத்தபெருமாள் பிரித்த உதட்டை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வேனில் அவரை உட்கார விடவில்லை. படுத்துத்தான் வர வேண்டும் என்றார் டிரைவர். வழியில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மரியாதைக்குப் பெத்தபெருமாளும் பதிலுக்குக் கும்பிட்டார். அந்த ஆள் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினார். இந்தக் காலத்தில் மரியாதை கொடுத்தால் யாருக்கும் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

வீட்டில் அவருடைய படம் சுவருக்கு ஏறியிருந்தது. அரிவாளை ஓங்கிக்கொண்டு முறைக்கும் படம். அதற்கு மாலை, சிவப்பு பல்பு. வீட்டில் வேறு படம் இல்லை.

மனைவி குணவதி ரொம்ப அழுதிருந்தாள். அவரைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"ஏங்க, கருமாதிக்குள்ள சிரிச்சிட்டு வந்துருங்க. அதுக்கப்புறம்னா என்னால சொந்தக்காரங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. செத்தவரு செத்தவருதான்னு தீத்துடுவாங்க."

"என் தப்பா இது?"

"யார் தப்போ. எதால சுட்டாங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. முருங்கைக் கட்டைன்னு சொல்ல நாக்கு கூசுச்சு. ஏகே நாற்பத்தேழுன்னு சொல்லிட்டேன்."

பெத்தபெருமாளுக்கு அப்போதுதான் முதல்முறையாகக் காது சிவந்தது.

சாப்பிட உட்கார்ந்தார். அவருடைய சோற்றை மொட்டை மாடியில் காக்காவுக்கு வைத்தார்கள். காக்கா சாப்பிட்டால் அவருக்கு வயிறு நிறையும், அதுதான் ஏற்பாடு. காக்கா அப்பளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கருமாதி வரைக்கும் அவர் அப்பளத்திலேயே ஓட்டினார்.

தினமும் மில்லுக்குப் போய்ப் பார்த்தார். செத்தவர்களுக்கு மில் வாசல் கொஞ்சம் தள்ளியிருக்கும். நடக்க நடக்க அது தவிட்டுக் கிடங்கைத் தாண்டி, களத்தைத் தாண்டி, அடுத்த தெரு வரைக்கும் பின்னால் போனது. கருமாதி அன்று காலை அவருக்குக் கோபம் தலைக்கேறி, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். வாசல் வேறு வழியில்லாமல் திரும்பி வந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் கேரவனின் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு முருங்கை மரம் நின்றது.

அவரைச் சுட்ட அதே துப்பாக்கி. பெயின்ட் வாளியில் மண் போட்டு நட்டு, ஹீரோவின் கேரவனைக் காலி செய்து அதில் குடி வைத்திருக்கிறார்கள். காலையில் இளநீர் ஊற்றுகிறார்களாம். மரம் நன்றாகக் காய்த்திருந்தது. கிளைக்குக் கிளை கைத்துப்பாக்கிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. உச்சியில் இரண்டு நீளத் துப்பாக்கிகள் முற்றிக்கொண்டிருந்தன. க்ளைமாக்ஸுக்கு நிறையத் துப்பாக்கி வேண்டும், வாடகைக்கு எடுக்கத் தயாரிப்பாளர் மாட்டேன் என்றுவிட்டார், கடவுளே பார்த்துக் கொடுத்தார் என்று யூனிட்டில் பேசிக்கொண்டார்கள்.

உதவி இயக்குநர் ஜெபக்குமார் ஓடி வந்தான். நல்ல பையன். வாய்தான் நிற்காது.

"அண்ணே, நீங்க சீன் நாப்பத்தொண்ணுலயே செத்துட்டீங்கண்ணே. இங்க நின்னா கன்டினியூட்டி அடி வாங்கிரும்ணே."

பெத்தபெருமாள் அவனைத் தள்ளிவிட்டு டைரக்டரிடம் போனார். லோகபாலன் துப்பாக்கிகளைத் தட்டித் தட்டி, முற்றியதா பிஞ்சா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெத்தபெருமாள் விவரத்தைச் சொன்னார். இன்றைக்குக் கருமாதி என்றார். ஒரே ஒரு சிரிப்பு, அதை எடுத்துவிட்டால் போய்விடுகிறேன் என்றார்.

"யோவ் பெருமாளு, செத்த சூட்டோட சிரிச்சாத்தான்யா செல்லும். மறுபடி சாவு. அப்புறம் சிரி."

அதற்கும் ஒத்துக்கொண்டார். ஹீரோ ஒரு கைத்துப்பாக்கியைப் பறித்து, பிசினைத் துடைத்துவிட்டு, "டுமீல்" என்றார். பெத்தபெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு "டுமீல்". ஒன்றும் ஆகவில்லை.

"செத்தவனைச் சுட்டா எப்படிங்க சாவான்?" என்றார் பெத்தபெருமாள்.

டைரக்டர் யோசித்தார். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். சரி, சாகாமலே சிரிக்கட்டும் என்று கேமராவின் உறையைக் கழற்றச் சொன்னார்.

பெத்தபெருமாள் கேமரா முன்னால் நின்றார். அவர் சிரித்தார். அதாவது, பல்லைக் காட்டினார். ஃபோகஸ் பிடிக்கிறவர் பயந்து ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

இத்தனை வருடமாக முறைப்பதற்காகவே வளர்த்த முகம். அதில் இப்போது கோபமும் சேர்ந்துகொண்டது. உதட்டை விரித்தால் புருவம் இறங்கியது. புருவத்தைத் தூக்கினால் மூக்கு விடைத்தது. ஜெபக்குமார் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று குரங்கு மாதிரி ஆடிக் காட்டினான். பெத்தபெருமாளுக்கு அவன்மேலும் கோபம் வந்தது.

"கோவத்தைக் கொஞ்சம் குறைய்யா" என்றார் டைரக்டர்.

அவ்வளவுதான்.

"எதுக்குக் குறைக்கணும்? விளக்குமாத்துக் கட்டைக்குச் செத்திருக்கேன். குழாயை வளைச்சு ராக்கெட்டுன்னீங்க, அதுக்கும் செத்தேன். ஒரு தடவை ஹீரோ துப்பாக்கியை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டாரு, வெறும் விரலை நீட்டினாரு. கேள்வி கேக்காம செத்தேன். ஒரு தடவையாச்சும் இரும்பைக் கண்ணுல காட்டினீங்களா? இந்தக் கொழம்புல போடற கட்டைக்கு இளநீரு, கேரவன். அதால செத்தவனுக்கு அரை நிமிசம் கேமராவைத் திருப்ப முடியலை. நான் மனுசனா, தவிட்டு மூட்டையா?"

டைரக்டர் மெதுவாக, மரத்துக்குக் கேட்கப் போகிறது, கொஞ்சம் குரலைத் தணியுங்கள் என்றார்.

பெத்தபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டினார். மரத்தில் ஏறினார்.

முருங்கைக் கிளை தாங்காது, இறங்குங்கள் என்று கீழே எல்லாரும் பதறினார்கள். உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்தார். கிளை அசையக்கூட இல்லை. உயிர் இருக்கிறவனுக்குத்தானே எடை என்று கீழே யாரோ விளக்கம் சொன்னார்கள். இந்த அவமானமும் அவர் காதில் விழுந்தது.

ஜெபக்குமாரை அனுப்பினார்கள். அவன் ஏணி போட்டு ஏறி வந்து அவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினான். வாயை மூடிக்கொண்டு நடந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். களத்தின் பாதி தாண்டியதும், "அண்ணே, அந்த விரல் படம் எதுண்ணே?" என்று கேட்டுவிட்டான். பெத்தபெருமாள் மறுபடி உச்சிக் கிளையில் இருந்தார். மறுபடி தூக்கிப் போனான். மறுபடி ஏதோ கேட்டான். அவன் கேட்கிறவன். என்ன செய்வது.

இதற்குள் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. மேலே இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கீழே க்ளைமாக்ஸை ஆரம்பித்தார்கள்.

பெத்தபெருமாளின் மடியில் போன் அடித்தது.

"சிரிச்சாச்சா?" என்றாள் குணவதி. "ஐயர் வந்து உக்காந்துட்டாரு. எள்ளு எடுத்து வெச்சாச்சு. உங்க தம்பி தலையில பாதி மொட்டை ஆயிருச்சு. மீதியை நிறுத்தி வெக்கச் சொல்லியிருக்கேன்."

"வரலை குணா."

"முயற்சி பண்ணுங்க. அந்தப் படத்தைப் பாத்துக்கிட்டே இனிமே நான் எப்படிங்க சாப்பிடறது? முறைக்கறீங்க."

போனை மடியில் செருகிக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அதுவும் கோபம்தான் என்று முடிவு செய்தார்.

கீழே ஆக்ஷன் சொன்னார்கள். அடியாட்கள் ஆளுக்கொரு துப்பாக்கியோடு பாய்ந்தார்கள். எல்லார் வாயிலும் டுமீல். ஹீரோ தனியாளாக மரத்தடியில் நின்று திருப்பி டுமீலினார். அடியாட்கள் வரிசையாக விழுந்தார்கள். கடைசியில் வில்லன் மட்டும் நின்றான். ஹீரோ துப்பாக்கியை அவன் நெற்றிக்கு நேராக நீட்டினார்.

"நான் பேச மாட்டேன்டா. என் துப்பாக்கி பேசும்" என்றார்.

துப்பாக்கியின் வாயிலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி வெளியே வந்தது.

முருங்கை என்றால் கம்பளிப்பூச்சி இல்லாமலா. அது நிதானமாகக் குழல் மேல் நடந்து, ஹீரோவின் கட்டைவிரலில் ஏறி, தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. ஹீரோ "அம்மா" என்றார். துப்பாக்கியை எறிந்துவிட்டு ஒரே தாவலில் டைரக்டரின் இடுப்பில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார். செத்துக் கிடந்த அடியாட்களின் வயிறுகள் குலுங்கின. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. டேக் ஓடிக்கொண்டிருந்தது.

உச்சிக் கிளையில் பெத்தபெருமாளின் உதட்டோரம் என்னவோ ஊர்ந்தது. கம்பளிப்பூச்சி என்று நினைத்துத் தட்டிவிட்டார். அது போகவில்லை.

அவருக்குத் திடுக்கென்றது. பல்லைக் கடித்தார். மீசையைப் பிடித்துக் கீழே இழுத்தார். காக்கா தூக்கிப் போன அப்பளங்களை நினைத்தார், முந்தைய துப்பாக்கிகளை நினைத்தார், பெயின்ட் வாளியில் ஊற்றிய இளநீரை நினைத்தார். இவ்வளவு நியாயமான கோபத்தை ஒரு புழுவுக்காக விட்டுக்கொடுப்பதா என்று தன்னையே கண்டித்தார். கீழே ஹீரோ கையை உதறிக்கொண்டே, "பேசிடுச்சா, பேசிடுச்சா" என்று டைரக்டரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெபக்குமார் மட்டும் மேலே பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒன்றும் பேசவில்லை. கேமராவை மெதுவாக மேலே திருப்பினான்.

பெத்தபெருமாள் சிரித்துவிட்டார்.

டுமீல் என்று முறிந்தது கிளை. யாரும் வாயால் சொல்லவில்லை.