படத்தைப் பார்த்து வாசித்த கதை

சுனந்தா கதை வாசித்தால் பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் சின்னசாமி சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்தது அரைச்சுவர்தான். அவருடைய பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டு இந்தப் பக்கம் காதைத் திருப்பிக்கொள்வார்கள். கிழவர் பேசும் இடத்தில் அவள் குரல் கரகரக்கும். குழந்தை அழும் இடத்தில் உடையும். மழை பிடிக்கும் இடத்தில் அவள் மேசைமேல் விரல்களைத் தட்டினால் பின்பெஞ்சுப் பிள்ளைகள் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள்.

கிரிவலப் பாதையை ஒட்டிய அந்த நடுநிலைப் பள்ளியில் நான்கு வருடமாக அவள்தான் தமிழாசிரியை. கதை பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பினாள். அதனால் எந்தப் பாடத்தையும் முதலில் அவளே வாசிப்பாள். முடித்ததும், "யாரு சொல்றீங்க?" என்று கேட்பாள்.

ஏழாம் வகுப்பில் அந்தக் கேள்விக்கு எழுந்து நிற்பவள் மதிவதனி. புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சற்றுமுன் கேட்டதை வரி பிசகாமல், சுனந்தா இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொல்வாள். எழுத்துத் தேர்வில் மட்டும் அவளுக்கு மதிப்பெண் கம்மி. அவசரக்காரி, கையெழுத்தும் கோணல் என்று சுனந்தா நினைத்துக்கொண்டாள். வாசிப்புப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'மிக நன்று' என்று இரண்டு முறை எழுதியிருந்தாள்.

ஆகஸ்ட் மாதம் சுனந்தாவின் தொண்டை கட்டியது. வெந்நீர், மிளகுக் கஷாயம் எதற்கும் அசையவில்லை. ஒருநாள் வகுப்பில் வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. அன்று மாலையே கணவன் ஜினசந்திரன் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனான்.

"குரல் நாண்ல காய்ப்பு காச்சிருக்கு," என்றார் டாக்டர். "மூணு வாரம் வாயே திறக்கக் கூடாது. ரகசியம் பேசுற மாதிரியும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல்."

வரும் வழியில் ஜினசந்திரன், "மூணு வாரம் வீட்ல நான் சொல்றதுதான் சட்டம்," என்று சிரிக்கப் பார்த்தான். அவள் கண் கலங்குவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினான். குரல் திரும்பவில்லை என்றால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்றுதான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தலைமையாசிரியை ஜோதியம்மாள் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாற்று ஆள் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். சுனந்தா ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: 'வகுப்புக்குப் போகிறேன். பேச மாட்டேன்.'

"பேசாம எப்படிம்மா தமிழ் நடத்துவ?" என்றார் ஜோதியம்மாள்.

அது அவளுக்கும் தெரியவில்லை. வீட்டில் இருந்த பழைய தொகுப்பு ஒன்றிலிருந்து சின்னக் கதையாகப் பார்த்து முப்பத்தொரு பிரதி ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினாள்: 'எனக்குத் தொண்டை சரியில்லை. இன்று நீங்கள் வாசிப்பீர்கள். நான் கேட்பேன்.'

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் இனியனைக் கை காட்டினாள். அவன் எழுந்து, தாளில் விரலை ஊன்றி, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனான். முதல் வரியைக் கடக்க ஒரு நிமிடம் ஆனது. அடுத்து எழுந்த பெண், தெரிந்த சொற்களை மட்டும் சொல்லிவிட்டு மற்றவற்றை முணுமுணுத்து விழுங்கினாள். வளவன் தடையில்லாமல் வாசித்தான். அடுத்து இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு எழவே இல்லை. சுனந்தாவுக்கு உறைத்தது. நான்கு வருடமாக இவர்கள் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களைத் தான் கேட்டதே இல்லை.

"மிஸ், மதி படிக்கட்டும் மிஸ்!" என்று குரல்கள் எழுந்தன.

மதிவதனி எழுந்தாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்தாள். முதல் பக்கத்தில் ஒரு படம் இருந்தது: கிணறு, கிழவர், கயிறு கட்டிய ஆடு. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு, கணீரென்று தொடங்கினாள்.

"ஒரு ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் பின்னாலேயே ஓர் ஆடு வந்தது. அது அவருடைய ஆடு அல்ல. கிணற்றடியில் வந்தவர்களிடம் எல்லாம், இது யாருடைய ஆடு என்று கேட்டார். யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. பொழுது சாயச் சாய, யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாதே என்று அவருக்குத் தோன்றியது..."

சுனந்தா தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் கிழவர் தன் சொந்த ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறார். மதிவதனி சொல்லும் ஒரு சொல்கூட அதில் இல்லை. நிறுத்து என்று சொல்ல அவளிடம் குரல் இல்லை. கதையோ நிறுத்தும்படியாகவும் இல்லை. கடைசியில் ஒரு சிறுமி ஆட்டைத் தேடி வருகிறாள். பெரியவர் கயிற்றை அவளிடம் கொடுத்துவிடுகிறார். "அதன் பிறகு அவர் வீட்டுக்கு நடந்தார். கயிறு இல்லை. ஆனால் கயிறு பிடித்த மாதிரியே கையை வைத்துக்கொண்டு நடந்தார்" என்று அவள் முடித்தபோது வகுப்பு அசையாமல் இருந்தது.

வளவன்தான் கையைத் தூக்கினான். "மிஸ், இது எதுவுமே பேப்பர்ல இல்ல மிஸ். அவளுக்குப் படிக்கவே தெரியல."

வகுப்பு சிரித்தது. சுனந்தா மேசையை ஓங்கித் தட்டினாள். சிரிப்பு அடங்கியது. திரும்பிக் கரும்பலகையில், 'கதை அருமை' என்று எழுதினாள். திரும்பிப் பார்த்தபோது மதிவதனி பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்திருந்தாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பௌர்ணமி. அந்தப் பகுதியில் பாதி வீடுகளில் அன்று கடை போடுவார்கள் என்பதால் வகுப்பே காலியாகத்தான் இருந்தது. பள்ளி விட்டதும் சுனந்தா அடி அண்ணாமலைக்கு வண்டியை விட்டாள். கிரிவலக் கூட்டம் சேர இன்னும் நேரம் இருந்தது. மதிவதனியின் அம்மா பொன்னி, வேப்பமரத்தடியில் இளநீரை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மதிவதனி ஸ்ட்ராக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. தொண்டை சரியில்லைன்னு சொல்லுச்சு. இளநி வெட்டட்டுமா?"

சுனந்தா கையமர்த்திவிட்டு, வழியிலேயே எழுதி வைத்திருந்த தாளை நீட்டினாள். பொன்னி வாங்கிப் பார்த்தாள். கூச்சத்தோடு சிரித்தாள்.

"எனக்குப் படிக்க வராதுங்க டீச்சர். மதி, மிஸ் இன்னா எழுதியிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லு."

தாள் மதிவதனியின் கைக்குப் போனது.

இப்படி ஆகும் என்று சுனந்தா நினைத்துப் பார்க்கவில்லை. பிடுங்கிக்கொள்ளலாமா? பேசிவிடலாமா? டாக்டர் சொன்னதெல்லாம் போகட்டும் என்று வாயைத் திறக்கப் போனாள். மதிவதனி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் படம் எதுவும் இல்லை. ஆனாலும் அவளால் எதையாவது சொல்லிவிட முடியும். காய்ச்சலா என்று கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் பொன்னி நம்பிவிடுவாள். சுனந்தா மறுத்துப் பேசவும் முடியாது.

"தெரியலம்மா," என்றாள் மதிவதனி. "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

பொன்னி கத்தியைக் கீழே வைத்தாள். "ஏழாவது படிக்கிறியே. அப்ப எப்படிடி இத்தினி வருசம்?"

"காதால கேட்டுப்பேன். பரீட்சைல பக்கத்துல உக்கார்ற சிந்துஜாவப் பாத்து எழுதிப்பேன். கொரோனா லீவு விட்டாங்க இல்ல, ரெண்டாவதுல. அப்புறம் இஸ்கூல் போனா எல்லாரும் படிக்கிறாங்க. எனக்கு மட்டும் வரல. கேக்க வெக்கமா இருந்துச்சு."

இளநீர் வாங்க நின்ற வெளியூர்க்காரர் ஒருவர், "குடும்மா, நான் படிக்கிறேன்," என்று தாளை வாங்கி உரக்க வாசித்தார்: "மதி சொன்ன கதை மிகவும் நன்றாக இருந்தது. அதை நாங்கள் எல்லோரும் படிக்க வேண்டும். தயவுசெய்து நாளை அனுப்புங்கள். தவறு அவளுடையது அல்ல. நான் கவனிக்கவில்லை."

பொன்னி சுனந்தாவைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்றுதான் சுனந்தா எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நியாயமும்கூட.

"எங்களத் தேடி இவ்ளோ தூரம் வந்தீங்களே," என்றாள் பொன்னி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அனுப்புறேன் டீச்சர். எனக்கும் தெரியாது, இதுக்கும் தெரியாதுன்னு ஆயிடக் கூடாது."

மறுநாள் வகுப்புச் சுவரில் பெரிய சார்ட் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மதிவதனியை அருகே நிற்கவைத்துச் சுனந்தா சைகை காட்டினாள். அவள் தன் கதையை ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, சுனந்தா பட்டையான பெரிய எழுத்தில் எழுதினாள். வேறு யாருடைய வாக்கியத்தை வைத்துத் தொடங்கியிருந்தாலும் அந்தப் பெண் பயந்திருப்பாள். இது அவளுடைய வாய்ச்சொல். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். எது 'ஆடு', எது 'கயிறு', எது 'கிணறு' என்று கண்ணால் கண்டுபிடிப்பதுதான் பாக்கி.

பிறகு வாக்கியங்களைத் துண்டுகளாக வெட்டிக் கலைத்துப் போட்டாள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து சேர்த்தார்கள். எழுத்துத் தடுமாறும் பிள்ளைகள் மொத்தம் பதினொரு பேர் என்று அந்த வாரத்தில் தெரிந்தது. அவர்களுக்குக் காலை வழிபாட்டுக்கு முன் அரைமணி நேரம் ஒதுக்கினாள். வளவன் இரண்டாம் நாளே மதிவதனியின் பெஞ்சுக்கு வந்து நின்றான்.

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"உண்மையத்தான சொன்ன," என்றாள் அவள். "நகரு, வெளிச்சத்த மறைக்கிற."

சொற்கள் சேர்ந்த பிறகு சுனந்தா கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினாள்: 'கயிறு இல்லாதபோதும் பெரியவர் ஏன் அப்படிக் கையை வைத்துக்கொண்டு நடந்தார்?'

"பழக்கமாயிடுச்சு மிஸ்," என்றாள் சிந்துஜா.

"அரை நாள்ல எப்படிப் பழகும்?" என்றான் வளவன். "ஆடு இருக்கிறதா நெனச்சுக்கிறாரு."

பேசவே பேசாத இனியன் மெல்லச் சொன்னான்: "கையக் கீழ விட்டா, அது போயிடுச்சுன்னு ஆயிடும் இல்ல."

சுனந்தா சாக்பீஸைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் பேசிக்கொண்டிருந்த காலமாக இருந்தால், அந்தக் கேள்விக்கான பதிலை அவளே அழகாகச் சொல்லி முடித்திருப்பாள். இனியனிடம் இப்படி ஒரு சொல் இருப்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அன்றுதான், குரல் போனதற்காக அவள் முதல்முறையாக நன்றியோடு பெருமூச்சு விட்டாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம் என்றார். அவள் முதலில் பேசியது ஜோதியம்மாளிடம். வாசிப்புப் பதிவேட்டை அவர் முன் விரித்து வைத்தாள்.

"மேடம், இது தப்பு. 'மிக நன்று'ன்னு எழுதுனது நான். அந்தப் பொண்ணுக்கு அப்போ ஒரு வரி படிக்கத் தெரியாது. அது என் குரல திருப்பிச் சொல்லுச்சு, நான் அதக் கேட்டு சந்தோஷப்பட்டுக்கிட்டேன்."

ஜோதியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "கீழ பாரு, என் கையெழுத்தும் இருக்கு," என்றார். "அடிச்சிட்டு உண்மைய எழுது. ஆறாவது, எட்டாவதுலயும் ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு கேட்டுடலாம். நானும் வரேன்."

அப்படியே செய்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒன்பது பேர் கிடைத்தார்கள். காலை அரைமணி நேரத்துக்குச் சின்னசாமியும் வந்து சேர்ந்தார். எல்லாம் சீராக நடந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் வராமலே ஏய்த்தார்கள். இனியன் பொங்கலுக்குப் பிறகும் நீளமான சொற்களில் இடறினான். ஆனால் இடறிய இடத்திலிருந்து எழுந்து அடுத்த சொல்லுக்குப் போகக் கற்றுக்கொண்டான்.

பொன்னி ஒருநாள் மாலை பள்ளி வாசலில் காத்திருந்தாள். "ரேஷன் கடை போர்டுல இருக்கிறத அதுவே படிச்சுக் காட்டுச்சு டீச்சர். உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"நான்தாம்மா சொல்லணும்," என்றாள் சுனந்தா. "அன்னிக்கு அந்தத் தாள வெச்சுக்கிட்டு அது என்ன வேணும்னாலும் சொல்லியிருக்கலாம். நீங்க நம்பியிருப்பீங்க, என்னால மறுத்துப் பேசவும் முடிஞ்சிருக்காது. உண்மையச் சொல்லி என்னையும் காப்பாத்துச்சு." பொன்னிக்கு அது முழுதும் புரிந்ததா என்று தெரியவில்லை. சுனந்தாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் புதிய கதை ஒன்று வந்தது. அதில் படம் இல்லை. வேலைக்காக ஊரைவிட்டுப் போகும் மகனைத் தாய் வழியனுப்புகிற கதை. சுனந்தா நடுப்பெஞ்சில், பிள்ளைகளுக்கு இடையில் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டாம் பக்கம் மதிவதனியின் முறை. தாளை மேசைமேல் வைத்து, வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டு வாசித்தாள். பழைய கணீர்க் குரல் இல்லை. தயங்கித் தயங்கி, ஒரு சொல்லை இரண்டு தடவை உடைத்துச் சேர்த்து வாசித்தாள். பாதிப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"என்னாச்சு மதி? கஷ்டமான வார்த்தையா?"

"இல்ல மிஸ்." அவள் நெற்றியைச் சுருக்கித் தாளைப் பார்த்தாள். "'போய் வா மகனே, எனக்கு ஒரு குறையும் இல்லை'ன்னு எழுதியிருக்கு. எந்த அம்மாவும் அப்படிச் சொல்ல மாட்டாங்க மிஸ். சோறு சாப்ட்டியா, போன் பண்ணு, இதுதான் சொல்வாங்க."

"எங்கம்மா சொல்லுவாங்க," என்றாள் சிந்துஜா.

"அழுவாம சொல்லுவாங்களா?"

"அழுதுகிட்டேதான் சொல்லுவாங்க. ஆனா கதைல அழுவலையே."

"அடுத்த பத்தில அழுவுறாங்க. முழுசாப் படி, அப்புறம் பேசு," என்றான் வளவன்.

"குறுக்க வராத. நான் படிச்சிக்கிட்டிருக்கேன்," என்ற மதிவதனி, விட்ட வரியைத் தேடி மறுபடி விரலை வைத்தாள்.