போனுக்குள் இருக்கும் கணக்கு

கணிதப் பேராசிரியையை மாணவர்கள் ‘மைனஸ் மேடம்’ என்பார்கள். அவரையும் அவர் தரும் வேலையையும் துச்சமாக நினைத்தவன் இறுதியாண்டு மாணவன் ஒருவன். எல்லோரையும் அதட்டுவதால் அவனுக்குத் ‘தலைவர்’ என்று பெயர். அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கூடவே திரிந்தவன், தடிக் கண்ணாடி போட்ட ‘சோடாபுட்டி’.

வளாகத்தில் இருநூறு பேரிடம் ஒரே கேள்வி கேட்டு வரச் சொல்லியிருந்தார் மேடம்: கையில் இருக்கும் போனுக்குள் என்ன கணிதம் ஓடுகிறது என்று தெரியுமா? கேட்ட வரிசையிலேயே ‘தெரியும்’ அல்லது ‘தெரியாது’ என்று பதிலைக் குறிக்க வேண்டும்.

“இதுக்கு யாருடா நாயா அலையிறது? அதுங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பாதிக்குப் பாதி போட்டுடலாம்,” என்றான் தலைவர்.

நூலகத்தின் கடைசி மேசையில் அவன் வாய்க்கு வந்ததைச் சொல்ல, சோடாபுட்டி எழுதினான்.

“ஒரே பதிலா சேர்ந்து வருதுடா, மாத்து. சந்தேகப்படுவாங்க,” என்றான் தலைவர் இடையில்.

மறுநாள் மேடம் தாளை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார்.

“எங்க உக்காந்து எழுதினீங்க?”

“கால் தேயக் கேட்டோம் மேடம்!”

“நாலு பேர்கூட வரிசையா ஒரே பதில் சொல்லலையா? இருநூறு தடவை காசைச் சுண்டிப் பாருங்க, அஞ்சு தலை, ஆறு பூன்னு சேர்ந்து விழும். கற்பனையா எழுதினாதான் இப்படி மாறி மாறி வரும். உங்க போன் குப்பை மெயிலைத் தள்ளுதே, அதுக்குப் பின்னாலயும் இந்த மாதிரி நிகழ்தகவுக் கணக்குதான். பொய் சொல்றதுக்காவது கொஞ்சம் படிச்சிருக்கலாம் தம்பி.”

எச்சில் காகிதத்தைப் போல விரல் நுனியில் பிடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்து, ஒரு வாரத்தில் உண்மையாகவே கேட்டு வரச் சொன்னார்.

தலைவருக்குக் காது சிவந்தது. கேன்டீன் வரிசையில் நின்ற முதலாண்டுப் பெண்ணிடம் கேள்வியை எரிச்சலோடு வீசினான்.

“போன்ல கணக்கா? கால்குலேட்டர் இருக்கேண்ணா!”

“பாத்தியாடா? முட்டாள் கூட்டம். இதுங்கல்லாம் எதுக்குப் படிக்க வருதுங்க?”

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டான் சோடாபுட்டி.

“எனக்கு எதுக்குடா? நான் கேள்வி கேக்கிறவன்.”

சோடாபுட்டி அவனை மேலும் கீழும் பார்த்தான். இந்த வெறும் டப்பாவின் பின்னாலா இத்தனை நாள் சுற்றினோம் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. பேனாவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் தனியாகப் போனான்.

அந்த வாரம் முழுவதும் அலைந்து கேட்டான். கிடைத்த பதில்கள் கேவலமாகத்தான் இருந்தன, ஆனால் உண்மையானவை. ஒப்படைத்த தாளில் அவன் பெயர் மட்டுமே இருந்தது. தலைவர் அதன் பிறகு அவனோடு பேசவில்லை. சோடாபுட்டிக்கு அது பெரிய நிம்மதி.