முப்பத்தோரு பேரும் ஒரு நாலு மணியும்

வெங்கிடேஸ்வரன் துறைமுக அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். அவருடைய கோப்புகள் இன்னும் பணியில் இருந்தன. மகள் தன்யா மூன்றாம் முறையாக நீட் எழுதப்போகிறவள். அவளுக்கு மிச்சமிருந்த மாலை நாலு முதல் ஐந்தரை வரை என்ன செய்வது என்ற விவகாரம் எழுந்ததும், அவர் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்புக்கு விட்டார்.

"நம் குலத்தின் வருங்கால மருத்துவர் அந்நேரத்தில் எதிர்வீட்டுச் சிறுமிக்கு ட்யூஷன் எடுப்பதா, ஜெர்மன் பயில்வதா? அன்பர்கள் தம் மேலான கருத்தை..." என்று போன அறிவிப்பில் மூச்சு விட இடமில்லை.

குழுவில் முப்பத்தோரு பேர். டொரன்டோ சித்தப்பா ஏழு நிமிஷம் பேசி அனுப்பினார். அதில் ஆறு நிமிஷம் பனி. கோயம்புத்தூர் அத்திம்பேர் இரண்டுக்கும் ஓட்டுப் போட்டுவிட்டு, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்தும் சொன்னார். அண்ணாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போயிருந்த அம்மா ஜெர்மனுக்குப் போட்டாள். தன்யா குழுவிலேயே இல்லை. படிப்பு கெடுமென்று அவள் போனை அப்பா பீரோவில் பூட்டி ஒன்றரை வருஷமாகிறது.

ஜெர்மன் இருபத்திரண்டு, ட்யூஷன் ஐந்து. மீதிப் பேர் கைகூப்பும் படம்.

"ஜனநாயகமாக்கும்," என்றார் அப்பா. "சீட் கிடைக்கலேன்னா ஜெர்மனி. இதிலே என்ன சங்கடம்?"

"எதிராத்து ஷபானாவுக்குச் சொல்லிக்கொடுத்தா நேக்கும் ரிவிஷன் ஆகும்பா."

"பத்தாங்கிளாஸ் பாடத்துலே நோக்கு என்னடீ ரிவிஷன்?"

அந்தக் காரணத்தில் தன்யாவுக்கே நம்பிக்கையில்லை. கூடப் படித்தவர்கள் களமசேரிக்கும் வெளியூருக்கும் கல்லூரி போய்விட்டார்கள். ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் நாலாயிரம் பேரையும் சேர்த்து 'மை டியர் டாக்டர்ஸ்' என்பார். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஷபானா ஒருத்திதான் இருந்தாள். "தன்யாச்சேச்சி, தவளைக்கு இதயத்துல மூணு ரூம்னா, லவ் பண்ற ஆள எந்த ரூம்ல வெக்கும்?" என்று போன வாரம் கேட்டாள். அந்த வாரம் முழுக்க தன்யா சிரித்தது அதற்குத்தான்.

மறுநாள் நாலு மணிக்கு, ஜெர்மன் வகுப்புக்காக மடிக்கணினியைத் திறந்து அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார் அப்பா. தன்யா செருப்பை மாட்டினாள்.

"எங்கே?"

"ஷபானா ஆத்துக்கு. நான் ஓட்டே போடலையேப்பா."

அவள் தெருவைக் கடந்துவிட்டாள்.

ஷபானாவின் உம்மா கம்பம் ஊரிலிருந்து வந்து இங்கே மளிகைக்கடை வைத்தவள்.

"வாங்க டாக்டரம்மா! அவ இல்லியே. வைட்டிலாவுல ட்யூஷன் சென்டர்ல சேத்தாச்சு, இன்னிக்குத்தான் மொதக் கிளாஸ். ஒங்கப்பா நேத்தே வந்து, முடிவாயிருச்சு, பிள்ளைக்கு வேற ஆள் பாத்துக்கங்கன்னாரு. எழுதியே குடுத்துட்டாரே!"

ஃபிரிட்ஜ் கதவில் அந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. பொருள், பார்வை, கையொப்பம் எல்லாம் இருந்தன.

"எப்போ வருவா இத்தா?"

"ஏழரை ஆயிரும். தெனமும் அப்படித்தானாம். ஞாயித்துக்கெழம பரீட்ச வேற." தன்யாவின் முகத்தைப் பார்த்தாள். "சாயா குடிக்கிறியா மோளே?"

எப்போதும் வேண்டாம் என்கிற தன்யா, "தாங்கோ" என்றாள்.

கொதிக்கக் கொதிக்க வந்ததை அவள் ஆற்றவில்லை; தானாக ஆறட்டும் என்று விட்டாள். இத்தா அடுக்களையிலிருந்து கேஸ்காரனையும் மீன் விலையையும் திட்டிக்கொண்டிருந்தாள். தன்யா வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கவனமாக "ம்" சொன்னாள்.

எதிர் வாசலிலிருந்து அப்பா, "கிளாஸ் தொடங்கியாச்சு!" என்று கத்தினார்.

டம்ளரில் இன்னும் பாதி இருக்கிறது என்று அவள் தூக்கிக் காட்டினாள்.